சென்னை அலுவலகங்களுக்குக் குற்ற அபாயக் கணிப்பு: நான்கு வழிகளில் எது எதற்கு உதவும்?

“இந்த ஏரியா சேஃபா?” புதிய அலுவலகத்துக்கு இடம் பார்க்கும்போதும், இரவு ஷிஃப்ட் தொடங்கும்போதும், வெளியூரிலிருந்து ஆள் வரும்போதும் நிர்வாகம் பாதுகாப்புக் குழுவிடம் கேட்பது இந்த ஒரு வரிதான். யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் குற்றத்திலிருந்து என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் அதற்குப் பதில் தேடவே முடியும். இரவு 2 மணிக்குச் சிறுசேரியிலிருந்து கேபில் வீடு திரும்பும் பெண் ஊழியருக்கு உள்ள அபாயம் ஒன்று. பகல் 11 மணிக்குத் தி.நகர் கிளையிலிருந்து வங்கிக்குப் பணம் எடுத்துப் போகும் காசாளருக்கு உள்ளது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அம்பத்தூர் கிடங்குக்கு உள்ளது முற்றிலும் வேறு.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். காவல் நிலைய அளவில் எஃப்.ஐ.ஆர்.களையும் தகவல் உரிமைச் சட்டப் பதில்களையும் சேர்க்கலாம். தனியார் நிறுவனங்கள் விற்கும் அபாய மதிப்பெண்ணை வாங்கலாம். அல்லது சொந்தமாகச் சம்பவப் பதிவேடு வைத்து, இடத்தையும் வழித்தடத்தையும் நேரில் போய் ஆய்வு செய்யலாம். முதலாவதும் மூன்றாவதும் தயாரான பி.டி.எஃப். ஆகக் கைக்கு வந்துவிடுவதால் பலர் அவற்றோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் தீர்ப்பு வேறு: ஊரில் ஆளும் அலுவலகமும் இருக்கிற நிறுவனத்துக்கு நான்காவது வழிதான் அடித்தளம், இரண்டாவது அதற்குத் துணை. முதலாவது பின்னணிக்கு மட்டும். மூன்றாவது, ஆள் இல்லாத ஊருக்கு.

ஆண்டறிக்கை: எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

என்.சி.ஆர்.பி. வெளியிடும் அறிக்கையில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. இலவசம், அதிகாரபூர்வமானது, எல்லா ஊருக்கும் ஒரே வரையறை. ஆனால் தாமதம் பெரிது. 2022க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. 2023க்கானது 2025 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. இந்த மாதம் கையெழுத்தாகும் வாடகை ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும். வீடு புகுந்து திருடி, தடுத்தவரைக் கொன்றிருந்தால் அது கொலையாக மட்டும் எண்ணப்படும். கன்னக்களவு எண்ணிக்கையில் வராது. நகரங்களுக்கான ‘ஒரு லட்சம் பேருக்கு இத்தனை’ என்ற விகிதம் இன்னும் 2011 மக்கள்தொகையை வைத்தே போடப்படுகிறது. பதினைந்து ஆண்டில் வேகமாக வளர்ந்த ஊரின் விகிதம் இதனால் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். எண்ணிக்கை கூடுவதற்குக் குற்றம் கூடியதும் காரணமாகலாம், புகாரைத் தயங்காமல் பதிவு செய்ததும் காரணமாகலாம். இரண்டும் வேறுவேறு என்று என்.சி.ஆர்.பி.யே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. 2020ஆம் ஆண்டைப் பாருங்கள். ஊரடங்கை மீறியதற்காக இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகளால் தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை வீங்கியது. அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து வரைபடம் போட்டால், 2021இல் குற்றம் சரிந்துவிட்டதாகத் தோன்றும்.

சென்னைக்கென்று இன்னொரு முறிவும் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடி, தாம்பரம் என்று இரண்டு காவல் ஆணையரகங்கள் தனியாகச் செயல்படத் தொடங்கின. துரைப்பாக்கம் சென்னைப் பெருநகரக் காவலில் இருக்கிறது, அதே ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) தெற்கே இருக்கும் கேளம்பாக்கம், தாழம்பூர் நிலையங்கள் தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட் ஆவடியில். ‘சென்னை’ என்ற தலைப்பில் எந்த எல்லையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் 2021ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ரயில் நிலையங்களின் கணக்கு இன்னும் தனி. தண்டவாளத்திலும் பிளாட்ஃபாரத்திலும் நடப்பது ரயில்வே காவல்துறையின் எல்லை, என்.சி.ஆர்.பி.யும் அதைத் தனியாகத்தான் தருகிறது. 2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஐ.டி. ஊழியரான இளம்பெண் கொல்லப்பட்டபோது நிலையத்தில் சி.சி.டி.வி. இல்லை. ரயில்வே போலீஸ் தொடங்கிய விசாரணை சில நாளில் நகரக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. ஊழியர்களில் கணிசமானோர் மின்சார ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் வந்து போகிற நிறுவனம், நகரக் காவல் எண்ணை மட்டும் பார்த்தால் அவர்கள் பயணத்தின் பாதியைப் பார்க்கவில்லை. அந்தக் கொலை இன்னொன்றையும் காட்டுகிறது. ஒருவரைக் குறிவைத்துப் பின்தொடர்ந்து நடக்கும் வன்முறையை எந்த ஏரியா எண்ணும் முன்கூட்டிக் காட்டாது. காலை ஆறரை மணி, நடுநகரம், கூட்டம் உள்ள பிளாட்ஃபாரம்: எந்தப் பட்டியலிலும் அது ‘குறைந்த அபாயம்’ என்றுதான் இருந்திருக்கும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார் என்று ஓர் ஊழியர் தயங்காமல் வந்து சொல்லக்கூடிய ஆளும் வழியும் அலுவலகத்தில் இருப்பதுதான் அதற்கான கண்காணிப்பு.

ஆக, ஆண்டறிக்கையை எதற்கு வைத்துக்கொள்ளலாம்? குற்ற வகைகளின் கலவை எப்படி மாறுகிறது, இதே ஊரில் ஐந்தாறு ஆண்டுப் போக்கு என்ன என்று பார்க்க. இரண்டு ஊர்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாம். ஊருக்குள் இரண்டு இடங்களை ஒப்பிட அது உதவவே உதவாது.

காவல் நிலைய அளவில் இறங்கினால்

இங்கேதான் உழைப்புக்குப் பலன் இருக்கிறது. பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் நிலையம் வாரியாகப் பார்க்கலாம். உங்கள் அலுவலகம் இருக்கும் நிலையம், பக்கத்து நிலையங்கள், முக்கிய கேப் தடங்கள் கடக்கும் நிலையங்கள் என்று நான்கைந்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எஃப்.ஐ.ஆர். படிவத்தில் பாதுகாப்புக் குழுவுக்குத் தேவையான கட்டங்கள் சிலவே. மூன்றாவது கட்டத்தில் சம்பவம் நடந்த கிழமை, தேதி, நேரம் ‘முதல் – வரை’ என்று இருக்கும். தகவல் நிலையத்துக்கு வந்த நேரமும் அங்கேயே இருக்கும். ஐந்தாவதில் நடந்த இடம், நிலையத்திலிருந்து திசை, தூரம், பீட் (ரோந்துப் பகுதி) எண். பிறகு பறிபோன பொருளும் அதன் மதிப்பும். கடைசியில் புகாரின் சாரம். இவற்றையும் சட்டப் பிரிவையும் மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள். புகார்தாரர், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், முகவரி, கைபேசி எண் எதையும் சேர்க்காதீர்கள். கணிப்புக்கு அவை தேவையில்லை. அவற்றை நிறுவனத்தின் கணினியில் வைத்திருப்பது வீண் சுமை.

நேரத்தைக் கையாள்வதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளி இரவு 10 மணிக்குப் பூட்டிய கடையைத் திங்கள் காலை 6 மணிக்குத் திறந்தபோது திருட்டு தெரிந்தது என்றால், சம்பவ நேரம் அந்த 56 மணியில் எங்கோ இருக்கிறது. தகவல் வந்த நேரத்தையே சம்பவ நேரமாகப் போட்டால் வரைபடத்தில் ‘திங்கள் காலை ஆபத்து’ என்ற பொய்யான குன்று எழும். சரியான முறை, அந்தச் சம்பவத்தை 56 ஆகப் பங்கிட்டு ஒவ்வொரு மணிக்கும் 1/56 என்று சேர்ப்பது. நூறு சம்பவங்களை இப்படிப் பரப்பினால் உண்மையான நேரப் போக்கு மெல்லத் தெரியும். செயின் பறிப்புக்கும் வழிப்பறிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும்.

இனி, இந்தத் தரவில் இல்லாதவை. பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் சார்ந்த எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏறுவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதே உத்தரவு அவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. பெண் ஊழியர்களின் பாதுகாப்புக்காகத் தளத்தைப் பார்த்துவிட்டு ‘இந்த நிலையத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லை’ என்று அறிக்கை எழுதுவது இதனால் மிகவும் ஆபத்தான பிழை. இரண்டாவது, சி.எஸ்.ஆர். எனப்படும் சமூக சேவைப் பதிவேடு. சிறு புகார்களுக்கு நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தருவதோடு முடிவது வழக்கம். அது எஃப்.ஐ.ஆர். ஆகாத வரை எந்தக் குற்ற எண்ணிக்கையிலும் வராது. பறிபோன கைபேசி ‘தொலைந்தது’ என்று பதிவாவதும் சாதாரணம். மூன்றாவது, சட்ட மாற்றம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், பறிப்பு என்பது 304ஆம் பிரிவில் தனிக் குற்றம். முன்பு அதே சம்பவம் 379, 356, 392 என்று நிலையத்துக்கு நிலையம் வேறு பிரிவில் பதிவாகியிருக்கும். ₹5,000க்குக் குறைவான பொருள் திருட்டு இப்போது போலீஸ் நேரடியாக வழக்கெடுக்கும் வகையில் இல்லை. பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் பிரிவு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால், திருட்டு குறைந்ததுபோலவும் பறிப்பு திடீரென முளைத்ததுபோலவும் தெரியும். சம்பவத்தின் சாரத்தைப் படித்து நீங்களே வகைப்படுத்துவதே தீர்வு. கைப்பை பறிப்பு, கத்தியைக் காட்டி வழிப்பறி, பூட்டு உடைப்பு, நிறுத்திய வாகனத் திருட்டு, உள்ளாள் திருட்டு என்று ஏழெட்டு வகை போதும். ஒன்றைப் படித்து ஏற்ற ஐந்து நிமிடம் என்று திட்டமிடுங்கள்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. கஞ்சா வழக்கு, குடித்துவிட்டுத் தகராறு, நன்னடத்தைப் பிணைக்கான முன்னெச்சரிக்கை நடவடிக்கை ஆகியவற்றின் எண்ணிக்கை போலீஸ் எங்கே அதிகம் ரோந்து போகிறது என்பதைத்தான் காட்டும். இவற்றையும் கூட்டினால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். அங்கிருந்துதான் ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களிலும் கார்டுகளிலும் பலர் வருகிறார்கள். ‘சிவப்புப் பகுதி’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அந்த முகவரியைப் பார்த்து ஆளை வேலைக்கு எடுக்காமல் விடுவது வரை போகும். அது அநியாயம். அபாய அறிக்கை இடத்தையும் நேரத்தையும் பற்றியதாகவே இருக்க வேண்டும். அங்கே வாழ்கிறவர்களைப் பற்றிய தீர்ப்பாக மாறக் கூடாது.

எஃப்.ஐ.ஆர். எண் ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் 1இல் தொடங்கி வரிசையாக ஓடும். ஆகவே டிசம்பர் 31இன் கடைசி எண்ணைப் பார்த்தால் அந்த ஆண்டு அந்த நிலையத்தில் பதிவான மொத்தம் தெரிந்துவிடும். தளத்தில் நீங்கள் பார்க்க முடிந்தவற்றைக் கழித்தால், மறைந்திருப்பவை எத்தனை என்பதும் தெரியும். மறைந்தவற்றின் பங்கு பெரிதாக இருக்கும் நிலையத்தில் முடிவுகளை அடக்கத்தோடு எழுதுங்கள்.

விட்டுப்போனதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் நிரப்பலாம். சட்டம் குடிமக்களுக்கே உரிமை தருவதால் மனுவை நிறுவனத்தின் பெயரில் போடாமல் தனிநபர் பெயரில் போட வேண்டும். கட்டணம் ₹10, பதிலுக்குக் கெடு 30 நாள். வழக்கு விவரம் கேட்டால் ‘விசாரணையில் உள்ளது’ என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ‘இந்த நிலைய எல்லையில், இந்த ஆண்டு, மாதவாரியாக, இன்ன பிரிவுகளில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை’ என்று ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். பத்து ஆண்டு, முப்பது நிலையம் என்று கேட்டால், திரட்ட ஆள்பலம் இல்லை என்று பதில் வரும்.

எண்கள் கைக்கு வந்தபின் ஒரு கட்டுப்பாடு தேவை. ஒரு நிலையத்தில் போன ஆண்டு 4 பறிப்பு, இந்த ஆண்டு 8 என்றால் ‘இரட்டிப்பு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். 4 என்ற எண்ணிக்கையின் 95 விழுக்காட்டு நம்பக எல்லை (உண்மையான அளவு இதற்குள் இருக்கும் என்று நம்பக்கூடிய வரம்பு) ஏறக்குறைய 1 முதல் 10 வரை. 8இன் எல்லை 3.5 முதல் 16 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தற்செயலாகவே இப்படி ஏறி இறங்கும். மூன்று ஆண்டைக் கூட்டிப் பாருங்கள், அல்லது பக்கத்து நிலையங்களைச் சேர்த்துப் பாருங்கள். அதோடு, பெருநகரங்களில் ஏறக்குறைய பாதிக் குற்றங்கள் 4 முதல் 6 விழுக்காட்டுத் தெருத்துண்டுகளில் நடக்கின்றன என்று குற்றவியலாளர் டேவிட் வைஸ்பர்ட் 2015இல் எடுத்துக்காட்டினார். அவர் பார்த்தது சென்னையை அல்ல. ஆனாலும் நிலைய சராசரியை வைத்துத் தெருவைத் தீர்மானிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். ஆகவே எஃப்.ஐ.ஆரின் ஐந்தாவது கட்டத்திலுள்ள இடத்தை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள்.

விலைக்கு வரும் மதிப்பெண்

தனியார் அபாய நிறுவனங்கள் ஆண்டுச் சந்தாவுக்கு ஊர்வாரி மதிப்பெண், வண்ண வரைபடம், அன்றாட எச்சரிக்கை தருகின்றன. போராட்டம், சாலை மறியல், மழை, கடையடைப்பு போன்ற எச்சரிக்கைகளுக்கு இவை நன்றாகப் பயன்படும். குற்ற மதிப்பெண் வேறு விஷயம். அமெரிக்காவில் கேப் இண்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் தேசிய சராசரியை 100 என்று வைத்து, ஒரு முகவரிக்கே மதிப்பெண் தருகின்றன. சிறு சிறு பிளாக் அளவில் மக்கள்தொகைத் தரவு அங்கே கிடைப்பதால் அது சாத்தியம். அப்படிப்பட்ட தெருவாரித் தரவு நம் ஊரில் பொதுவெளியில் இல்லை. பிறகு சென்னைக்குள் இந்த வண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டாக வேண்டும். பல நேரம் மூலம் செய்தித்தாள்தான். கொலை செய்தியாகும், பார்க்கிங்கில் கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப் எடுத்தது செய்தியாகாது.

இலவசமாகக் கிடைக்கும் தரவரிசைகளும் இதே பிரச்சினை உள்ளவை. நம்பியோ என்ற இணையதளத்தின் குற்றக் குறியீடு, அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் தாமாக நிரப்பும் கருத்துக் கணிப்பு. பதிவான குற்றத்தோடு அதற்குத் தொடர்பில்லை. எகனாமிஸ்ட் குழுமத்தின் பாதுகாப்பான நகரங்கள் பட்டியல் 2021இல் 60 நகரங்களை எடுத்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து டெல்லியும் மும்பையும் மட்டும், சென்னை இல்லை.

வாங்கும் முன் விற்பனையாளரிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: சென்னைக்கான மூலத் தரவு எது, கடைசியாகப் புதுப்பித்தது எப்போது, மிகச் சிறிய அலகு நிலையமா வார்டா பின்கோடா, பகல் இரவு பிரிவு உண்டா. பிறகு ஒரு சோதனை. உங்களுக்கு நன்கு தெரிந்த 20 இடங்களின் பட்டியலைக் கொடுத்து, ஓராண்டுக்கு முந்தைய மதிப்பெண்ணைக் கேளுங்கள். அதன்பின் அந்த ஓராண்டில் உங்கள் பதிவேட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வையுங்கள். உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பத்து இடங்களிலும் தாழ்ந்த பத்திலும் சம்பவங்கள் ஏறக்குறைய சமம் என்றால், அந்தச் சந்தாவால் முடிவெடுக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு பேர் போய்வரும் ஊருக்கும், அலுவலகமே இல்லாத ஊருக்கும் மட்டும் வாங்கலாம். அங்கே வேறு வழி இல்லை.

சொந்தப் பதிவேடும் நேரடி ஆய்வும்

நிர்வாகம் இதை ‘அட்மின் வேலை’ என்று ஒதுக்கிவிடுகிறது. மேலே சொன்ன மூன்று வழிகளாலும் தர முடியாத ஒன்று இங்கே இருக்கிறது: வகுக்கும் எண். எத்தனை பேர், எத்தனை பயணம், எத்தனை மணி நேரம் அபாயத்துக்கு உட்பட்டார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நாளொன்றுக்கு 1,200 இரவு டிராப், மாதம் 22 வேலை நாள் என்றால் 26,400 பயணம். அதில் 3 சம்பவம் பதிவானால் 10,000 பயணத்துக்கு 1.1. சம்பவமே இல்லாத மாதம் வந்தால்? அபாயம் பூஜ்யம் என்று எழுத முடியாது. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று உண்டு: n முறையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், உண்மையான விகிதம் 3/n வரை இருக்கலாம். 26,400 பயணம் என்றால் அது, 10,000 பயணத்துக்கு அதே 1.1தான். ஒரு மாதம் சுத்தமாக இருந்ததை வைத்து எஸ்கார்டை (கேபில் உடன் போகும் பாதுகாவலரை) குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரிக் கணக்கைக் காட்டுங்கள்.

பதிவேட்டில் வேண்டிய பத்திகள்: நேரம் முதல் – வரை, இடத்தின் ஆயத்தொலைவு நான்கு தசமம் வரை (அது சுமார் 11 மீட்டர் துல்லியம்), தளமா வழித்தடமா, குற்ற வகை, நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா, இழப்பு மதிப்பு, போலீசுக்குப் போனதா, சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். எண், நடந்ததா மயிரிழையில் தப்பியதா. கடைசிப் பத்தி மிக முக்கியம். தப்பிய சம்பவம் ஒன்றுகூடப் பதிவாகாத பதிவேடு, ஊழியர்கள் சொல்வதில்லை என்பதற்கான சான்று. ஒப்பந்த ஊழியர்களைச் சேர்க்காத பதிவேடும் பாதிதான். விடியற்காலை 5 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருபவர்கள் அவர்கள்தான்.

எவ்வளவு விட்டுப்போகிறது என்று அளக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயர் கேட்காத ஒரு கருத்துக் கணிப்பு நடத்துங்கள். ‘கடந்த 6 மாதத்தில் அலுவலகத்திலோ, வந்து போகும் வழியிலோ இவற்றில் ஏதாவது நடந்ததா?’ தமிழிலும் கேளுங்கள், இந்தியிலும் கேளுங்கள். கார்டுகளில் பலர் வட மாநிலத்தவர். 400 பேரில் 12 பேர் ஆம் என்று சொல்லி, அதே ஆட்களிடமிருந்து பதிவேட்டுக்கு வந்தது 3 என்றால், நாலில் ஒன்றுதான் உங்களுக்கு எட்டுகிறது. பாலியல் தொந்தரவு இதில் வெளிவந்தால் அது பாதுகாப்புக் குழுவோடு நிற்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் தரும் வாகனமும் பணியிடமே. உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும்.

நேரடி ஆய்வைப் பகல் 11 மணிக்குச் செய்வதில் பயனில்லை. காலை 5.30க்கு முதல் ஷிஃப்ட் வரும்போது ஒருமுறை, இரவு 9க்கு ஒருமுறை, 2 மணி டிராப்பின்போது ஒருமுறை, ஒரு ஞாயிறு. வெளிச்சமானியைத் தரையில் வைத்து அளக்காமல், முக உயரத்தில், சுமார் 1.5 மீட்டரில், செங்குத்தாகப் பிடித்து அளக்க வேண்டும். தரை பளிச்சென்று இருந்தும் முகம் இருட்டாக இருக்கும் பார்க்கிங்குகள் ஏராளம். கேமராவில் முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. 1920 பிக்சல் அகலமுள்ள கேமரா அந்தத் தரத்தில் 7.7 மீட்டர் அகலத்தை மட்டுமே பார்க்க முடியும். 20 மீட்டர் கேட்டுக்கு ஒரே கேமரா இருந்தால், ஆள் போனது தெரியும்; யார் என்று தெரியாது.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ கட்டுமானம் தொடங்கியபின் பேருந்து நிறுத்தங்களும் யூ-டர்ன்களும் இடம் மாறின, தடுப்புத் தகடுகள் நடைபாதையை மறைத்தன. போன ஆண்டு ஆய்வு செய்த அதே 300 மீட்டர் இன்று வேறு இடம். கட்டுமானப் பாதை மாறும்போதெல்லாம் மறு ஆய்வு செய்வதை விதியாக்குங்கள்.

மூன்று முடிவுகள், மூன்று கலவைகள்

கிண்டியா, அம்பத்தூரா, சிறுசேரியா என்று இடம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், எஃப்.ஐ.ஆர். அட்டவணையும் நேரடி ஆய்வும் சேர்ந்தால் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே மூன்றாண்டு, ஒரே குற்ற வகைகள், இடத்தைச் சுற்றி ஒரே 500 மீட்டர் வட்டம். குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். கிண்டியிலும் தி.நகரிலும் பகலில் நடமாடுகிறவர்கள் அங்கே வசிப்பவர்களைவிடப் பன்மடங்கு. குடியிருப்போரால் வகுத்தால் வணிகப் பகுதி எல்லாமே பயங்கரமாகத் தெரியும். மூன்று இடங்களும் புள்ளியியல்படி பிரித்துச் சொல்ல முடியாதவை என்று வந்தால் அப்படியே நிர்வாகத்திடம் சொல்லி, வாடகையையும் போக்குவரத்தையும் வைத்துத் தீர்மானிக்க விடுங்கள்.

இரவுப் போக்குவரத்துக்குச் சொந்தப் பதிவேடுதான் முதல். இரவு 8 முதல் காலை 6 வரை பெண்களைப் பணியில் வைக்க எழுத்துமூல ஒப்புதலும் பாதுகாப்பும் போக்குவரத்தும் தமிழ்நாட்டில் நிபந்தனை. பெண் ஊழியர் முதல் பிக்-அப்பாகவோ கடைசி டிராப்பாகவோ வந்தால் எஸ்கார்ட் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அதற்கு மேல் ஓர் அளவையைச் சேர்க்கச் சொல்வோம்: ஜி.பி.எஸ். காட்டும் டிராப் புள்ளிக்கும் வீட்டுப் புள்ளிக்கும் உள்ள தூரம். 50 மீட்டரைத் தாண்டிய டிராப்கள் எத்தனை விழுக்காடு என்று வாராவாரம் எடுங்கள். தெரு குறுகல், நாய்த் தொல்லை, தோண்டிப் போட்ட சாலை என்று டிரைவர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும் வழக்கம் இதில்தான் பிடிபடும். எந்த நகர மதிப்பெண்ணிலும் இல்லாத, உண்மையில் குறைக்கக்கூடிய அபாயம் இது.

வெளியூர் விருந்தினருக்கு இவ்வளவு தேவையில்லை. வாங்கிய எச்சரிக்கைச் சேவை, ஹோட்டலைச் சுற்றி ஓர் இரவு நடை, அவசர எண் 112, இணைய மோசடிக்கு 1930.

மூன்றிலும் ஒரு பொதுத் தவறு நடக்கிறது. வாய்ப்பை 5க்கும் பாதிப்பை 5க்கும் மதிப்பிட்டுப் பெருக்கும் அட்டவணையில், அடிக்கடி நடக்கும் கைபேசித் திருட்டு 5 × 2 = 10; அரிதான கடத்தல் 2 × 5 = 10. இரண்டும் ஒரே மஞ்சள் கட்டத்தில் வந்து உட்காரும். வரிசை எண்களைப் பெருக்கக் கூடாது. விகிதத்தை 10,000 பயணத்துக்கு இத்தனை என்றும், விளைவை ரூபாயிலும் காயத்திலும் தனியாகவும் எழுதுங்கள்.

ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் வரிசை இது. முதல் நாளே தகவல் உரிமை மனுவைப் போட்டுவிடுங்கள், பதிலுக்குத்தான் நாள் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் பதிவேட்டையும் பெயரில்லாக் கணிப்பையும் தொடங்குங்கள். அடுத்த மூன்று வாரம் எஃப்.ஐ.ஆர். அட்டவணை. அதன்பின் நான்கு நேர ஆய்வு. இவை எல்லாம் முடிந்து வரைபடம் கையில் இருக்கும்போது காவல் நிலையத்துக்குப் போங்கள். சென்னையில் நிலையத்துக்குச் சட்டம் ஒழுங்கு ஆய்வாளர் வேறு, குற்றப்பிரிவு ஆய்வாளர் வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் முன்னவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. திருட்டும் பறிப்பும் குற்றப்பிரிவின் கையில் இருக்கின்றன. ‘ஏரியா எப்படி சார்?’ என்று கேட்டால் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்றுதான் பதில் வரும். வரைபடத்தை மேசையில் விரித்து, ‘இந்த சர்வீஸ் ரோட்டில் இரவு 9க்கும் 11க்கும் நடுவே இத்தனை பறிப்பு, இது எந்த பீட், பட்டா புத்தகத்தை (ரோந்துக் கையெழுத்துப் புத்தகம்) எங்கே வைத்தால் ரோந்துக் காவலர் இந்த முனை வரை வந்து கையெழுத்துப் போடுவார்?’ என்று கேளுங்கள்.